ஒரே ஆள்

செவ்வாய் இரவு பத்தேகாலுக்கு அது செத்தது.
வெடிக்கவில்லை, புகையவில்லை.
விசிறி அரைச்சுற்றுச் சுற்றும், நிற்கும்,
மறுபடி அரைச்சுற்று,
சொல்ல வந்ததை விழுங்கும் ஆளைப்போல.

மூடியைக் கழற்றி டோர்ச் அடித்தேன்.
ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் கடல்.
பதினொரு வருடம் ஜன்னலால் வந்த உப்பு
மதர்போட்டின் ஓரத்தில் பச்சையாய்ப் பூத்திருந்தது.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
மூன்று மொழி, ஒரு முத்திரை.
வெள்ளவத்தையில் என் முன்னறைக்கு வந்த
பிறப்பு, விவாகம், மரணம் எல்லாம்
அந்தப் பெட்டியின் நாலு டிஸ்க்கில் கிடக்கின்றன.
வியாழன் எட்டரைக்கு அமிர்தசீலன் வருவார்,
தாயாரின் மரணச் சான்றிதழுக்கு
இன்னொரு பிரதி வேண்டுமாம்.
பத்து மணிக்குத் தூதரகத்தில் நேர்முகம்.

புதன் மத்தியானம் யூனிட்டி பிளாசா.
புதுசு வாங்கினால் இரண்டு மாத வாடகை போகும்.
பந்துல கண்ணாடி அலமாரிக்கு அடியில் குனிந்து
பாவித்த போட்டும் புரொசெசரும் சோடியாய் எடுத்து வைத்தார்.
"வெட கரய், நங்கி."
எனக்கு ஐம்பத்திரண்டு வயது.
அந்த நங்கிக்காகவே ஆயிரம் ரூபாய் பேரம் பேசாமல் விட்டேன்.

பழைய புரொசெசருக்குக் கால்கள் இல்லை,
குழியில்தான் ஊசிகள்.
இதற்கு ஆயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கால்.
ஓரத்தில் ஒன்று சரிந்திருந்தது.
ஈயக்குச்சி எடுத்த பென்சிலின் வெறும் முனையை அதில் கொளுவி
மூச்சை விடாமல் நிமிர்த்தினேன்.
மேல்வீட்டில் யாரோ கதிரையை இழுத்தார்கள்.
கை ஆடவில்லை.

பயறளவு பேஸ்ட். விசிறி. வயர்கள்.
விசுக்கோத்துத் தகரத்தில் ஒரு ஸ்குரூ மிஞ்சியது.
அது எப்போதும் மிஞ்சும்.

ஸ்விட்சைப் போட்டேன்.
விசிறி முழுச்சுற்றுச் சுற்றியது, நிற்கவில்லை.
போட்டின் பற்றரி தீர்ந்திருக்க வேண்டும்,
திரையில் தேதி
2019 ஜனவரி 1.

பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அதற்கு இன்னும் எதுவும் நடக்கவில்லை.
அந்த ஞாயிற்றுக்கிழமை விடியவில்லை.
யாரும் முகத்தை மூடவில்லை.
காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி
ஒருவரும் வரிசையில் நிற்கவில்லை.
பதின்மூன்று மணிநேரம் கரண்ட் இல்லாத நாளில்
பால்கனியில் மெழுகுதிரி வைத்து
யாருடையதோ விவாகப் பதிவை நான் கையால் எழுதவில்லை.

டிஸ்க்குகள் நாலையும்
இடம் மாற்றிச் செருகியிருந்தேன் போல.
அவை அதைப் பொருட்படுத்தவில்லை,
ஒன்றையொன்று பார்த்ததும் தெரிந்துகொண்டன.

ரவுட்டர்தான் மறுத்தது.
போட் மாறினால் லேன் வாசலின் இலக்கமும் மாறும்.
மூன்று இப்போது ஐந்து.
உள்ளே பழைய பெயரைச் சொல்லி
இல்லாத கதவில் தட்டிக்கொண்டிருந்தது மெஷின்.
வெளியே, பட்டியலில் இல்லாத ஆள்.
பதிவில்லாதவரை எப்படி நடத்துவதென்று
இந்த ஊரில் ரவுட்டருக்கும் தெரியும்.

எனக்கு இது பழகிய வேலை.
ஒரு கடதாசியில் நவரத்தினம், இன்னொன்றில் நவரட்ண,
கடவுச்சீட்டில் ஓர் எழுத்துக் குறைவு.
மாதம் நாலு பேராவது வருவார்கள்.
சத்தியக்கடதாசியில் அதே வரி:
மேற்படி பெயர்கள் யாவும்
ஒரே ஆளையே குறிக்கும்.

மூன்றை அழித்து ஐந்து என்று அடித்தேன்.
ரவுட்டருக்கும் புது இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன்.
இரவு ஒன்று பத்து.
பச்சை விளக்கு ஒரு தரம் மினுங்கி, யோசித்து,
பிறகு விடாமல் மினுங்கியது.

அமிர்தசீலனின் தாயாரைத் தேடினேன்.
இருந்தார். முத்திரை கொஞ்சம் சரிவாய், நான் குத்தியபடியே.
பிரிண்டர் சூடாகும்வரை
மூலையில் தேதியைப் பார்த்தேன்.

வெளியே எங்கோ நேரத்தைக் கேட்டிருக்கிறது.
அத்தனை வருடத்தையும்
ஒரு நொடியில் தாண்டி வந்து நின்றது,
ஒன்றையும் விசாரிக்காமல்.